வாசலில் இரண்டு வண்டிகள்

"நீ அங்க போய் வாயைத் திறந்தேன்னா..."

"வாயைத் திறக்கத்தாங்க என்னை அங்க வெச்சிருக்காங்க..."

"...நாளைக்கு செம்பாக்கம் பூரா என் பேரு நாறிடும்..."

"...நான் பேசலன்னா அந்தப் புள்ளைங்களுக்காக வேற யாரு பேசுவா?"

"யாராவது பேசட்டும். உன்னை மாதிரி அங்க வேற ஆளே இல்லையா?"

வெற்றிவேல் பிட்ட இட்லி விரல் நுனியிலேயே நின்றது. ரோஹிணியின் கையில் சட்னிக் கரண்டி. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது. நடுவில் உட்கார்ந்திருந்த மகள் தமிழினி தட்டை விட்டுத் தலை தூக்கவில்லை.

இந்தச் சண்டை இன்று காலையில் பிறந்ததல்ல. போன வியாழக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊரில் பிறந்தது. இத்தனை நாள் ரோஹிணியின் வாய்க்குள்ளேயே வளர்ந்து இன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறது.

ரோஹிணி பார்ப்பது சம்பளமில்லாத வேலை. அடிபட்ட பிள்ளைகள், அம்போவென்று விடப்பட்ட பிள்ளைகள் என்று செங்கல்பட்டில் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் யாரையாவது கொண்டுவந்து நிறுத்துவார்கள். அப்போது அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் மனசில் இருப்பதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவராகத்தான் இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். கோர்ட்டு மாதிரிதான், கறுப்புக் கோட்டுதான் கிடையாது என்று நாத்தனாரிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளையின் பெயரையோ ஊரையோ வீட்டில் வந்து சொல்லக் கூடாது. கட்டிய கணவனிடமும் கூடாது. அதனால் இந்தத் தடவை அவள் பார்த்துக்கொண்ட அக்கா தம்பிக்கு இந்த வீட்டில் பெயர் 'பெரியவ', 'சின்னவன்'. பெரியவ இன்னிக்கும் சரியாச் சாப்பிடல என்பாள். சின்னவன் லேசாச் சிரிச்சான் என்பாள். வெற்றிவேல் உச்சுக் கொட்டிக் கேட்பார். ஒரு நாள் சின்னவனுக்கென்று கடலை மிட்டாய்கூட வாங்கி வந்தார்.

அவரும் ஒரு விஷயத்தை வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தார். சிங்கப்பெருமாள் கோவிலில் அவருக்கு ஒரு லைன் வீடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டது. அதில் கடைசி அறையில் குடியிருந்தவன் தன் இரண்டு பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு லாரி ஓட்டப் போனான். முதலில் ஒரு ராத்திரி, அப்புறம் இரண்டு நாள், கடைசியில் திரும்பியே வரவில்லை. பக்கத்து அறை ஒடிசாக்காரப் பையன் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டு, அதிகாரிகள் வந்து பூட்டை உடைத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். வீட்டுக்காரர் என்ற முறையில் அவருக்குத் தகவல் வந்தது. வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டார். சின்னவன் யாராக இருக்கும் என்று அவருக்கு எப்போதாவது தோன்றியிருக்குமோ என்னவோ. தோன்றியிருந்தாலும் தோன்றாத மாதிரி இருந்துவிட்டார்.

வியாழக்கிழமை, பிள்ளைகளின் துணிமணியை எடுத்துவரக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் உமரோடு போன ரோஹிணி, அந்தக் கேட்டின் முன்னால் இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். கிரானைட் கல்லில் 'கங்கையம்மாள் இல்லம்' என்று செத்துப்போன மாமியாரின் பெயர். பால் காய்ச்சிய அன்றைக்கு வந்தவள், அதற்கப்புறம் இந்தப் பக்கமே வந்ததில்லை. மாடி எடுத்து, பெயிண்ட் மாற்றி, வேறு வீடாக இருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

இன்று செவ்வாய்க்கிழமை. குழு முடிவு சொல்லப்போகிற நாள்.

"அப்பன் எங்க போனான்னு போலீஸுக்கே தெரியல. ஆத்தா போய்ச் சேந்துட்டா. ஹோம்ல போட்டா மூணு வேளை சோறு, ஸ்கூலு. அதுல உனக்கு இன்னா பேஜாரு?" என்றார் வெற்றிவேல். நல்ல மனநிலையில் இருந்தால் அவர் புத்தகத்தில் அச்சடித்த மாதிரி பேசுவார். கோபம் வந்தால்தான் பிறந்த ஊரின் பேச்சு எட்டிப் பார்க்கும்.

"ரெண்டு பேரையும் ஒரே ஹோம்ல வைக்க முடியாதுங்க. பொண்ணுங்க ஹோம் வேற, பையனுங்க ஹோம் வேற. சின்னவன் ரொம்பக் குட்டியா இருந்தா அக்காகூட விட்டிருப்பாங்க, அந்த வயசும் தாண்டிடுச்சு. சொந்தம்னு ஒருத்தர் வந்து நின்னாலாவது..."

"நின்னா? அந்தப் பெரியம்மாக்காரி மாதிரி கேட்டாண்ட நின்னு கத்திக்கினு இருக்கும்."

சொன்ன பிறகுதான், சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. இட்லியைத் தட்டில் வைத்தார்.

"எந்தப் பெரியம்மா?" என்றாள் ரோஹிணி. குரல் ஏறவில்லை, இறங்கித்தான் இருந்தது.

பிடுங்கிப் பிடுங்கித்தான் விஷயம் வந்தது. அந்தப் பிள்ளைகளின் அம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தாள். அம்மா சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, அப்பன் வேற. காதல் கல்யாணம், இரண்டு பக்கமும் பேச்சுவார்த்தை இல்லை. தங்கை செத்த பிறகு அக்காக்காரி ஞாயிற்றுக்கிழமையில் தூக்குச்சட்டியோடு வந்து நின்றிருக்கிறாள். உள்ளே விடாதீங்க சார், என் புள்ளைங்களைத் தூக்கிக்கினு பூடுவா என்று அப்பன் வெற்றிவேலிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான். வாடகைக்கு இருக்கிறவன் குடும்பச் சண்டையில் வீட்டுக்காரன் தலையிடக் கூடாது என்பது வெற்றிவேலின் கொள்கை. தலையிடாமலிருக்க வேண்டி அவர் கேட்டைச் சாத்தினார். அடுத்த முறை, அவள் வாய் திறப்பதற்கு முன்பே சாத்தினார். அப்புறம் அவள் வரவில்லை.

"சொந்தக்காரங்க யாரும் இல்லன்னு ஃபைல்ல எழுதியிருக்கு," என்றாள் ரோஹிணி.

"என்னை யாரும் கேக்கலையே."

"நான் கேக்கறேன். அவங்க எங்க இருக்காங்க?"

"கோவிலம்பாக்கத்துலேந்து வர்றேன், கடையை விட்டுட்டு வந்திருக்கேன்னு சொல்லிச்சு. இன்னா கடையோ. அவ்ளோதான் தெரியும்."

"போய்த் தேடிக் கூட்டிட்டு வாங்க."

"கோவிலம்பாக்கம் இன்னா நம்ம வூட்டுக் கொல்லையா? அப்படியே கூட்டியாந்தாலும், யாருய்யா நீன்னு என்னை உக்கார வெச்சுக் கேப்பாங்க. குடி இருக்கறவங்க விவரத்தை ஸ்டேஷன்ல குடுத்தியாம்பாங்க. நான் எவனுக்கும் குடுத்ததில்ல." எழுந்து கை கழுவினார். வண்டிச் சாவியை எடுத்தார். "கடைக்கு மணல் லோடு வருது. எனக்கு வேலை கீது."

பைக் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

*

தமிழினிதான் ஸ்கூட்டரில் தாம்பரம் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள். ஏரிக்கரைக் காற்று முகத்தில் அடித்தவரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றதும் மகள் தலையைத் திருப்பினாள்.

தான் அப்பா பக்கம் இல்லை என்று முதலில் சொல்லிக்கொண்டாள். ஆனால் அம்மாவும் இந்த விஷயத்தில் இனி இருக்க முடியாது. கட்டினவர் வீட்டில் நடந்ததற்கு மனைவியே போய் நின்று பேசினால், நாளைக்கு எவனாவது அதையே பிடித்துக்கொள்வான் என்றாள்.

ரோஹிணிக்கு அது தெரியாமல் இல்லை. வேறு எவனாவது சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவதாக இருந்தாள்.

"சொன்னா உன்னை எடுத்துடுவாங்கம்மா."

"எடுக்கட்டும்."

"எடுத்துட்டா பெரியவளுக்கு யாரு?"

அந்தப் பெண் வாய் திறக்கவே பத்து நாள் போல ஆயிற்று. முதலில் ரோஹிணியின் கைப்பையின் ஜிப்போடுதான் பேசினாள். அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பிறகு ஒரு வார்த்தை, அப்புறம் இரண்டு. இப்போது இன்னொருத்தி வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் தம்பி ஒரு ஊரில், அவள் ஒரு ஊரில்.

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோக்காரர், அக்கா, குடும்பக் கதையை ஓரமா நின்னு பேசு என்று சொல்லிவிட்டுப் போனார்.

செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் வண்டி நின்று கிளம்பியபோது அவள் வெளியே பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டாள். வெற்றிவேலுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது.

*

குழுவின் அலுவலக வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒரு வெள்ளை வேன், ஒரு ஜீப். இரண்டு டிரைவர்களும் ஒரே நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவ ஏஞ்சல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வயது. யாரோ கொடுத்த சுடிதார், தோளில் நிற்காமல் சரிந்தது. பக்கத்தில் சின்னவன் முகிலன், சுவரில் உரிந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். மகளுக்குப் பெயர் அம்மா வைத்தது, மகனுக்கு அப்பன் வைத்தது. அந்த வீட்டில் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டது அது ஒன்றுதான் போலிருக்கிறது. அவன் சட்டை நுனியை அக்கா தன் விரலில் சுற்றி வைத்திருந்தாள்.

"ஆன்ட்டி, ரெண்டு வண்டி எதுக்கு வந்திருக்கு?" என்றாள்.

பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது. கொடுக்க முடியாத வாக்கும் கொடுக்கக் கூடாது. பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். ரோஹிணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உள்ள இருக்கற மேடம் இன்னும் முடிவு பண்ணலம்மா. முடிவானதும் முதல்ல உனக்குத்தான் சொல்லுவேன்."

ஏஞ்சல் தலையாட்டினாள். சட்டை நுனி இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

"ஏஞ்சல், உனக்குப் பெரியம்மா ஒருத்தங்க இருக்காங்களா?"

ஏஞ்சல் தம்பியின் காலரைச் சரி செய்தாள். பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "இருந்தாங்க. மெட்டில்டா பெரிம்மா. எங்களை வேணாம்னுட்டுப் போயிட்டாங்க. அப்பா சொன்னாரு."

சொந்தக்காரர்கள் யாராவது உண்டா என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் நாங்க வேணாம் என்று அவள் சொன்னதை, யாரும் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ரோஹிணியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

வராந்தா ஓரத்துக்குப் போய் மறுபடி வெற்றிவேலுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள். "அவங்க பேரு மெட்டில்டா. அந்தப் பொண்ணு, தன்னைப் பெரியம்மா வேணாம்னுட்டாங்கன்னு நினைச்சிட்டிருக்கு. அதை மட்டும் சொல்லலாம்னு போட்டேன்."

நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

*

குழுவின் தலைவி பாலாம்பாள், பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாரென்றால், வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் தன்னால் எழுந்து நிற்பார்கள். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். உமர் ஃபைலை எடுத்து வைத்தார்.

"மேடம், நான் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்," என்றாள் ரோஹிணி. "இந்தக் குழந்தைங்களைப் பூட்டி வெச்சிருந்த வீடு எங்க வீடு. என் வீட்டுக்காரரோடது."

உமர் நிமிர்ந்து பார்த்தார். வியாழக்கிழமை அந்தக் கேட்டின் முன்னால் இவள் ஏன் வெயிலில் நின்றாள் என்பது இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"எப்போ தெரிஞ்சுது?" என்றார் பாலாம்பாள்.

"வியாழக்கிழமை."

"இன்னிக்குச் செவ்வாய்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ரோஹிணிக்கு. மூன்று பேரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு பாலாம்பாள், இந்த விஷயத்தில் ரோஹிணி இனித் தொடர முடியாது, வேறொருவரைப் போடுவோம் என்றார். தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். ஆனால் இன்றைக்கு வேறு ஆள் கிடையாது. ஆகவே அந்தக் குழந்தை ரோஹிணியிடம் சொன்னதை மட்டும் சொல்லலாம். ரோஹிணியின் அபிப்பிராயம் வேண்டாம்.

அதுவும் அந்த வேலையின் கட்டுப்பாடுதான். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். நம் மெருகு கூடாது.

ரோஹிணி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "ஏஞ்சல் சொன்னது இது. 'அவனுக்கு ராத்திரி பாத்ரூம் வந்தா எழுந்து சொல்ல மாட்டான். என் கையைக் கிள்ளுவான். என்னை வேற எடத்துல போட்டா பரவால்ல. ஆனா அவன் யாரைக் கிள்ளுவான்?'"

பாலாம்பாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அழுக்காக இருந்ததாகத் தெரியவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. அவங்களுக்கு ஒரு பெரியம்மா இருக்காங்க. பேரு மெட்டில்டா."

"விலாசம்?"

"கோவிலம்பாக்கம்."

"கோவிலம்பாக்கம் ஒரு விலாசமா ரோஹிணி?"

இல்லைதான். மேடவாக்கம் ரோட்டின் இரண்டு பக்கமும் எத்தனை தெரு, எத்தனை கடை, எத்தனை மெட்டில்டா. ஆனாலும் பாலாம்பாள் ஃபைலை மூடி வைத்தார். வண்டிகள் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மதியச் சாப்பாடு முடிகிற வரைக்கும் பார்ப்போம், அதற்குமேல் தன்னால் நிறுத்திவைக்க முடியாது என்றார்.

*

பிள்ளைகளுக்குச் சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது. முகிலன் சாப்பிட்டான். ஏஞ்சல் தன் பொட்டலத்தில் பாதியைப் பிரிக்காமலே அவன் பக்கம் தள்ளினாள். தனக்கு இனி அவள் பக்கத்தில் உட்காரும் உரிமை உண்டா என்று ரோஹிணிக்குத் தெரியவில்லை. ஒரு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தாள். ஏஞ்சலே எழுந்து, தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

தமிழினி போன் செய்தாள். மணல் லோடு வந்து ரோட்டில் நிற்கிறதாம், கடையில் அப்பா இல்லையாம், டிரைவர் அவளுக்குப் போன் போட்டுக் கத்துகிறானாம். ஒருவேளை கோபத்தில் எங்காவது போய் உட்கார்ந்திருப்பார் என்றாள். ரோஹிணியும் அப்படித்தான் நினைத்தாள். அவர் கோபித்துக்கொண்டால் வண்டலூர் வரைக்கும் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற கதை.

டிரைவர்களில் ஒருவர் வேன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் கேட்டுக்குள் பைக் நுழைந்தது. வெற்றிவேலின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் ஒரு பெண், ஒருபக்கமாக உட்கார்ந்து கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். தலையில் அவருடைய பெரிய ஹெல்மெட். புடவை மேல் சுற்றிய ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. அதில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

அவள் இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றத் தெரியாமல் தடுமாறினாள். வெற்றிவேல் கொக்கியை விடுவித்தார்.

ஏஞ்சல் எழுந்து நின்றுவிட்டாள். ஓடவில்லை. முகிலனுக்கு யாரென்று தெரியவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தான்.

"பெரிம்மா," என்றாள் ஏஞ்சல். "எங்களை வேணாம்னுட்டீங்க இல்ல?"

மெட்டில்டாவின் வாய் கோணிற்று. அவள் வெற்றிவேலைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை.

வெற்றிவேல் முன்னால் வந்தார். அந்தப் பெண்ணின் உயரத்துக்குக் குனிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தொப்பை இடித்ததால் பாதியில் நின்றுவிட்டார்.

"பெரியம்மா வந்தாங்க பாப்பா. ரெண்டு தடவை வந்தாங்க. நான்தான் உள்ள விடல. என் தப்பு."

ஏஞ்சல் அவரைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு தம்பியின் சட்டை நுனியிலிருந்து விரலை உருவினாள். மெட்டில்டாவின் ஏப்ரனில் முகத்தைப் புதைத்தாள். ரோஹிணி திரும்பி நின்று, டிரைவர்கள் டீ கிளாஸை எங்கே வைத்தார்கள் என்று தேடுகிறவள் மாதிரி வேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெட்டில்டாவைக் கண்டுபிடித்த கதையை வெற்றிவேல் பிறகு வராந்தாவில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். வேதக்காரங்களைத் தேடினால் சர்ச்சில்தான் கேட்க வேண்டும் என்று, கண்ணில் பட்ட சர்ச்சிலெல்லாம் இறங்கியிருக்கிறார். பெயர் தெரியாமல் ஒன்றும் ஆகவில்லை. ரோஹிணியின் குரல் வந்த பிறகுதான் ஒரு வாட்ச்மேன், ஆப்பக் கடை மெட்டில்டாவா என்று கேட்டிருக்கிறார். கடைக்குப் போனவருக்கு விஷயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உட்கார்ந்து இரண்டு ஆப்பம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் ரோஹிணி.

"பசிச்சுது. காலையில எங்க சாப்ட்டேன்? மூணாவது வைக்கும்போதுதான் மூஞ்சைப் பாத்துச்சு. நீ அந்தக் கேட்டுக்காரன்தானேன்னு கரண்டியைத் தூக்கிச்சு. கடையில இருந்தவன் எல்லாம் எழுந்துட்டான். நான் சொல்லி முடிச்சப்புறம் ஒண்ணுதான் கேட்டுச்சு. புள்ளைங்க சாப்ட்டுச்சான்னு." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆப்பத்துக்குக் காசு வாங்கல."

*

உள்ளே எல்லாம் மளமளவென்று நடந்தது. நடந்ததையெல்லாம் வெற்றிவேல் மறைக்காமல் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனில் விவரம் கொடுக்காததையும் கேட்காமலே சொல்லிவிட்டார். அது அதன் வழியில் போகும், அதற்கு நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார் பாலாம்பாள். சரி மேடம் என்றார். இத்தனை பணிவாக அவர் யாரிடமும் சரி சொல்லி ரோஹிணி பார்த்ததில்லை.

பிள்ளைகளை வைத்துக்கொள்ள இஷ்டமா என்று மெட்டில்டாவைக் கேட்டார்கள்.

"ஒரு புள்ளைன்னாலும் ரெண்டு புள்ளைன்னாலும் அதே அடுப்புதான் மேடம்," என்றாள் மெட்டில்டா. "ரெண்டும் எனக்குத்தான்."

எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டதும்தான் அவள் குரல் தேய்ந்தது. கடைக்குப் பின்னால் ஒரு அறை. இன்னொரு பெண்ணோடு பங்கு. தனி ஆளுக்குத்தான் என்று சொல்லித்தான் அந்த வீட்டுக்காரர் விட்டிருக்கிறார். குழந்தைகள் என்றால் அன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிடுவார்.

பாலாம்பாள் மற்ற இருவரையும் பார்த்தார். பிறகு முடிவைச் சொன்னார். சொந்தம் கிடைத்துவிட்டதால் இன்றைக்குப் பிரிக்கப்போவதில்லை. அடுத்த அமர்வு வரைக்கும் அக்காவும் தம்பியும் இப்போது தற்காலிகமாக இருக்கிற வரவேற்பு இல்லத்திலேயே சேர்ந்து இருப்பார்கள். பெரியம்மா எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அதற்குள் பிள்ளைகளை வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு வீடு வேண்டும். உமர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தருவார்.

"வீடு மட்டும் கிடைச்சிட்டா எனக்கு வேற தடை இல்லம்மா," என்றார். "கிடைக்கலன்னா, நான் இன்னிக்கு எழுத இருந்ததை அன்னிக்கு எழுதணும். இஷ்டப்பட்டு எழுத மாட்டேன்."

ரோஹிணி முதல் ஆளாக வெளியே வந்தாள். ஏஞ்சலுக்கு வாக்குக் கொடுத்திருந்தாளே. பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். இனிமேல் தனக்குப் பதிலாக வேறொரு ஆன்ட்டி வருவார் என்பதையும் சொன்னாள். ஏஞ்சல் அதை யோசித்தாள்.

"அவங்க பேக்ல ஜிப் இருக்குமா?"

"இருக்கும். இல்லன்னா வாங்கச் சொல்றேன்."

முதல் தடவையாக அந்தப் பெண் சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் தள்ளி நின்றது. இத்தனை நாளாக ரோஹிணி அதைப் பார்த்ததே இல்லை.

ஜீப் காலியாகத் திரும்பிப் போயிற்று. வேனில் இரண்டு பேரும் ஏறினார்கள். முகிலன் ஜன்னலோரம் தனக்குத்தான் என்று அடம் பிடித்தான், அக்கா விட்டுக்கொடுக்கவில்லை, உள்ளே ஒரு சின்னச் சண்டை நடந்தது. பெரியவர்கள் மூன்று பேரும் வெயிலில் நின்று, உலகத்திலேயே நல்ல சங்கீதம் அதுதான் என்பதுபோல் அந்தச் சண்டையைக் கேட்டார்கள்.

வேன் கேட்டைத் தாண்டியது. மெட்டில்டா ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காய்ந்த மாவு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. வீடு தேடுகிற கஷ்டத்தை அவள் ரோஹிணியிடம்தான் சொல்ல ஆரம்பித்தாள். புருஷன் இல்லை என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆப்பக் கடை என்றால் புகை வரும் என்பார்கள். மீன் குழம்பு வைப்பியா என்பார்கள். இப்போது இரண்டு பிள்ளைகள் வேறு, அதுவும் போலீஸ் வந்து பூட்டுடைத்து எடுத்த பிள்ளைகள். எத்தனை கதவைத் தட்டுவது, எத்தனை பேருக்குக் கதை சொல்வது என்றாள்.

வெற்றிவேல் பைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். எடுத்தவர் கிளப்பவில்லை. செம்பாக்கத்தில் தங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் போன மாதம் காலியானது. சாவி அதே கொத்தில்தான், அவர் விரலிடுக்கில், தொங்கிக்கொண்டிருந்தது. அது ரோஹிணிக்கு நினைவு வந்தது. அவள் வாயைத் திறக்கப் போனாள். பிறகு, இதை அவர்தான் சொல்ல வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, கணவரின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

அந்தப் பார்வையை மெட்டில்டா பார்த்துவிட்டாள். ரோஹிணியை விட்டுவிட்டு, பைக்கின் முன்னால் போய் ஹாண்டிலில் கை வைத்து நின்றாள்.

"நீயும் வூட்டுக்காரன்தானே சார். கேக்கற கேள்வியெல்லாம் உனக்குத் தெரிஞ்சிருக்கும், நான் சொல்ற பதிலும் தெரிஞ்சிருக்கும். எங்க மூணு பேருக்கு நீ வூடு குடுப்பியா?"